நீரிழிவும் அதனைச் சூழ்ந்த நோய்களும்

(கதிர்காமத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

   

நமது சங்கக் கூட்டங்களில் கல்வி, விவாகம், தொழில் ஆகிய மூன்று விஷயங்களைப் பற்றியே பெரும்பாலும் பேசி வருகிறோம். அவை அவசியம் பேசத் தக்கவையே. ஆயினும் அம்மூன்றையும் அநுபவிப்பதற்கு ஆதாரமாயிருக்கும் தேகத்தைப் பற்றி நாம் கூடிப் பேசுவது மிகவும் அருமை. சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? ஆகையால் இன்று நீரிழிவு என்னும் வியாதியைப் பற்றியும், அதனோடு கூட வந்து நம் வீடுகளில் குடிகொண்டிருக்கும் வேறு சில வியாதிகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்தோம். நாம் வைத்தியத் தொழில் புரிவோரல்லோம். வைத்திய நிபுணர்கள் ஆராய்ந்து வெளியிட்டவற்றைக் கற்று, நம்மவர்க்கு விளங்கும் வண்ணம் எடுத்துரைப்பதே நமது வேலை.

புதுவையின் நிலைமை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2008 முதல் 2020 வரை நமது தேசத்தின் மாகாணங்கள் அனைத்திலும், புதுவை முதலிய சில யூனியன் பிரதேசங்களிலும், வயது வந்தோர் 1,13,043 பேரைப் பரிசோதித்தனர். அதன் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. தேச முழுவதற்கும் நூற்றுக்கு 11 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. நமது புதுவையிலோ நூற்றுக்கு 26 பேர். கோவா ஒன்றுதான் நம்மைவிட மயிரிழையளவு முந்தியிருந்தது.

இதனை நம்மில் பலர் பத்திரிகைகளில் வாசித்திருக்கலாம். ஆனால் அதே ஆராய்ச்சியில் நாம் கவனிக்கத் தவறும் வேறொரு செய்தி உண்டு. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்கள் தேச முழுவதிலும் நூற்றுக்கு 39 பேர். புதுவையில் 61 பேர். உடல் முழுவதும் பருத்தவர்கள் தேசத்தில் நூற்றுக்கு 28 பேர். புதுவையில் 53 பேர். இவ்விரண்டிலும் இந்தியா முழுவதற்கும் முதலிடம் பெற்றது நமது புதுவையே. பரீட்சையில் முதலிடம் பெற்றால் நாம் மாலையிட்டு மகிழ்கிறோம். இம்முதலிடத்தை எண்ணினால் மனம் நடுங்குகிறது.

நீரிழிவில் நாம் ஏறக்குறைய முதலாகவும், வயிற்றுக் கொழுப்பில் முற்றும் முதலாகவும் இருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. இவ்விரண்டும் ஒரே வேரிற் கிளைத்தவை. அவ்வேரினின்று இன்னும் மூன்று கிளைகள் கிளைத்திருக்கின்றன. ஐந்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டுமென்பதே இன்று நாம் சொல்லப் புகுந்த விஷயம்.

ஐந்து அளவுகள்

நம்மவருள் நீரிழிவுக்காரர் இருவர் சந்தித்தால், "சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?" என்பதே முதற் கேள்வி. "நூற்று நாற்பது" என்று ஒருவர் சொன்னால், "அப்படியானால் பயமில்லை" என்று மற்றவர் தேற்றுகிறார். அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு, இரத்தத்திலுள்ள கொழுப்பு எவ்வளவு, இடுப்பின் சுற்றளவு எவ்வளவு என்று கேட்பார் ஒருவருமில்லை. வீட்டில் நான்கு வாயில்கள் திறந்து கிடக்க, ஐந்தாம் வாயிலுக்கு மாத்திரம் பூட்டுப் போட்டுவிட்டு நித்திரை செய்வோனை நாம் என்னவென்று சொல்வோம்?

1988-ஆம் ஆண்டில் ஜெரால்ட் ரீவன் என்னும் அமெரிக்க வைத்திய நிபுணர், நீரிழிவு வைத்தியர்களின் மகாசபையொன்றில் ஆற்றிய உபந்நியாசத்தில், இரத்தத்தில் சர்க்கரை மிகுதல், இரத்த அழுத்தம் உயர்தல், இரத்தக் கொழுப்பு முறைகெடுதல் ஆகியவை ஒரே மனிதனிடத்தில் ஒருங்கு காணப்படுவதற்கு ஒரு பொதுக் காரணம் உண்டென்று விளக்கினார். அதற்கு ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயரிட்டார். பின்னர் வயிற்றுக் கொழுப்பும் இக்கூட்டத்தில் சேர்க்கப்பட்டது. இப்பொழுது வைத்தியர்கள் இதனை ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்கின்றனர். வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்பது தமிழ்ப் பெயர். உண்ட உணவு தேகத்தில் சக்தியாகவும் சேமிப்பாகவும் மாறும் கிரியையில் உண்டாகும் கோளாறுகளின் கூட்டம் என்று பொருள் கொள்க.

உலகத்துப் பெரிய வைத்திய சபைகள் 2009-ல் ஒத்துக்கொண்ட இலக்கணம் பின்வருமாறு:

முதலாவது, இடுப்பின் சுற்றளவு. தெற்காசிய மக்களாகிய நம்மில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லையாகும். தையற்காரரின் நாடாவில் இவை ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலமும் முப்பத்தொன்றரை அங்குலமும் ஆகும்.

இரண்டாவது, இரத்த அழுத்தம். மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85. அல்லது அதற்காக மருந்து உட்கொண்டு வருதல்.

மூன்றாவது, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். அல்லது நீரிழிவுக்கு மருந்து உட்கொண்டு வருதல்.

நான்காவது, டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 150 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல்.

ஐந்தாவது, நல்ல கொழுப்பு என்று வழங்கும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறைதல்.

இவ்வைந்தில் எவையேனும் மூன்று ஒருவரிடத்தில் இருந்தால் அவருக்கு இந்நோய்த்தொகுதி உண்டென்பது துணிபு. நீரிழிவுக்காரருக்கு மூன்றாவது ஏற்கெனவே இருக்கிறது. மற்ற நான்கில் இரண்டு சேர்ந்தாற் போதும். நீரிழிவுக்காரருள் பெரும்பாலோர் இக்கணக்கில் அகப்படுவர்.

காரணம் யாது?

நாம் உண்ணும் சோறு ஜீரணமாகிச் சர்க்கரையாக இரத்தத்திற் கலக்கிறது. அச்சர்க்கரையைத் தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் சேர்ப்பிப்பது கணையத்தில் ஊறும் இன்சுலின் என்னும் நீர். ஈரலிலும் தசையிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு மிகுந்துவிட்டால், இன்சுலின் எத்தனை முறை கதவைத் தட்டினாலும் அவை எளிதிற் செவிசாய்ப்பதில்லை. இதனை இன்சுலின் எதிர்ப்பு என்பர். கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சில காலம் ஈடுகொடுக்கும். அது களைத்துப் போகும் நாளில்தான் இரத்தத்தில் சர்க்கரை வெளிப்படுகிறது.

ஆனால் அந்நாளுக்கு முன்னரே தேகத்தில் வேறு காரியங்கள் நடந்து விடுகின்றன. கொழுப்பேறிய ஈரல், டிரைகிளிசரைடை மிகுதியாக இரத்தத்தில் விடுகிறது. அதனால் நல்ல கொழுப்புக் குறைகிறது. மிகுந்த இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைத் தேக்கி வைக்கச் செய்கிறது; இரத்தக் குழாய்களும் இளகும் தன்மையை இழக்கின்றன; இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆகவே, ‘சர்க்கரை வந்தது, அதன் பின் மற்றவை வந்தன’ என்று நாம் எண்ணுவது பலருடைய விஷயத்தில் தலைகீழான எண்ணமாகும். மற்றவை முன்னரே வந்து திண்ணையில் அமர்ந்திருந்தன. சர்க்கரை பின்னர் வந்து வீட்டுக்குள் நுழைந்தது.

"நாம் ஒல்லியாகத்தானே இருக்கிறோம், நமக்கென்ன?" என்பார் சிலர். அவர்களுக்கு ஒரு விருத்தாந்தம் கூறுவோம். லண்டன் நகரத்து வைத்தியர் யட்கின் என்பவரும், புனா நகரத்து வைத்தியர் யாஜ்ஞிக் என்பவரும் தங்கள் இருவருடைய தேகத்தையுமே அளந்து, 2004-ல் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் கணக்கு இருவர்க்கும் ஒன்றே, 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லியானவர்களே. ஆனால் ஆங்கிலேயருடைய தேகத்தில் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு. நம் தேசத்தவருடைய தேகத்தில் 21 பங்கு. கை கால் மெலிந்தும் வயிறு சற்று முன்தள்ளியும் காணப்படும் நம்மவர் உருவத்தின் உண்மை இதுவே. புனாவைச் சேர்ந்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அவ்வாறே ஆராய்ந்தனர். இங்கிலாந்துக் குழந்தைகளின் சராசரி எடை மூன்றரைக் கிலோவாயிருக்க, இவர்கள் 2.7 கிலோவே இருந்தும், தேகத்தில் தசையின் பங்கு குறைந்தும் கொழுப்பின் பங்கு காக்கப்பட்டும் இருந்தது. ஆதலின் எடை பார்க்கும் யந்திரத்தை மாத்திரம் நம்பி நாம் இறுமாந்திருத்தலாகாது. இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தால் உண்மை வெளியாகும்.

உழைப்புப் போயிற்று, உணவு நின்றது

நம் பாட்டனார் காலத்தில் இந்நோய் இவ்வளவு பரவியிருக்கவில்லை. அவர்களும் அரிசிச் சோறே உண்டனர். நம்மினும் மிகுதியாகவே உண்டனர். ஆனால் அவர்கள் ஏர் பிடித்தனர், நீர் இறைத்தனர், சுமை சுமந்தனர், ஆலைகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்தனர். 1898-ல் ஏற்பட்டு, ரோடியர் மில் என்று நம்மவர் வாயில் வழங்கிய பஞ்சாலை 2020-ல் மூடப்பட்டது. நம்மைச் சூழ்ந்திருந்த வயல்கள் மனைகளாயின. மேட்டுப்பாளையத்திலும் தட்டாஞ்சாவடியிலும் உள்ள தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்வோரும் இரண்டு சக்கர மோட்டார் வண்டியிற் செல்கின்றனர். வழுதாவூர்ச் சாலையில் கூப்பிடு தூரத்திலுள்ள கடைக்கும் வண்டியை எடுக்கிறோம். உழைப்புக்கென்று ஏற்பட்ட சோற்றின் அளவு மாத்திரம் தட்டில் அப்படியே நின்றுவிட்டது. அதன் மேல் தெருமுனை டீக்கடையின் சர்க்கரை மிகுந்த தேநீர், பஜ்ஜி, இரவில் பரோட்டா, பேக்கரிப் பண்டங்கள் ஆகியவை புதிதாகச் சேர்ந்தன.

அதே ஆராய்ச்சிக் கழகத்தார் 2025-ல் வெளியிட்ட உணவு ஆராய்ச்சி ஒன்று, நம் தேசத்தார் பெறும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுப் பொருள்களிலிருந்தே வருகிறதென்றும், புரதம் 12 பங்கே என்றும் காட்டியது. மற்றொன்றையும் அது காட்டியது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறிவிட்டு, மொத்த மாவின் அளவைக் குறைக்காதிருந்தால் அபாயம் குறைவதில்லை. "நாம் இரவில் சோறே தொடுவதில்லை; ஆறு சப்பாத்திதான்" என்று பெருமை பேசும் நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக. மாவிற் சிறிது பங்கைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பயறு, மோர், மீன், முட்டை முதலிய புரத உணவை வைப்பதே பயன் தருவது.

மதுவைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் புதுவையில் மதுக்கடைகளுக்குக் குறைவில்லை. மது டிரைகிளிசரைடை ஏற்றும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், ஈரலைக் கெடுக்கும், நீரிழிவு மருந்து உண்போருக்குச் சில சமயம் சர்க்கரையை அபாயகரமாக இறக்கியும் விடும். புகையிலை இரத்தக் குழாய்களுக்கு நேர்ச் சத்துரு. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு மாத்திரையை மாத்திரம் நம்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

நம் வழக்கங்கள்

இனி நம் சமூகத்தின் வழக்கங்களைப் பற்றிச் சிறிது வெளிப்படையாகப் பேச அநுமதிக்க வேண்டுகிறோம்.

தொந்தி செல்வத்தின் அறிகுறி என்னும் எண்ணம் நம்மிடத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை. மாப்பிள்ளைக்கு வயிறு சற்று முன்வந்தால் "மாமியார் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொண்டது" என்று சிரிக்கிறோம். விவாகப் பந்தியில் இனிப்பு எத்தனை வகை வைத்தார்கள் என்பதைக் கொண்டு பெண் வீட்டாரின் அந்தஸ்தை மதிக்கிறோம். இலையில் வைத்ததை மறுத்தவர் மரியாதை தெரியாதவராகிறார். இலையின் முன் அமர்ந்திருக்கும் நீரிழிவுக்காரர், ‘இன்று ஒருநாள் தானே’ என்று உண்கிறார். நிச்சயதார்த்தம், விவாகம், சீமந்தம், காதணி விழா, புதுமனை புகுதல், கருமாதி என்று உறவு பெரிதாயிருக்கும் நமக்கு அந்த ‘ஒருநாள்’ மாதத்தில் எத்தனை முறை வருகிறதென்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு நாட்காட்டியைப் பார்த்து எண்ணிக் கொள்க.

பெண்மக்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது, மிஞ்சிய சோற்றை வீணாக்கலாகாதென்று பசியில்லாமலும் உண்பது, கணவனுக்கும் பிள்ளைக்கும் வைத்தியம் பார்த்துத் தனக்கு மாத்திரம் பாராதிருப்பது ஆகிய இவற்றைக் கற்பின் இலக்கணமாகவே கொண்டுவிட்டோம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை காணப்பட்டவர்கள், பிரசவமான பின் அது மறைந்துவிட்டதென்று மறந்தே போகின்றனர். அவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரக்கூடிய வாய்ப்பு மிகுதி. பிரசவத்தின் பின்னும் குறித்த காலங்களில் அவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதனை நினைவூட்டுவது வீட்டிலுள்ள ஆண்மக்களின் கடமை.

மூன்றாவது, நோயை மறைத்தல். வரன் பார்க்கும்போது நீரிழிவை மறைக்கிறோம். மறைத்து மணம் முடித்த பெண், புகுந்த வீட்டில் மருந்தை ஒளித்து வைத்து உண்கிறாள். ஒளிக்க இடமில்லாத நாளில் உண்ணாமலே விடுகிறாள். மணமகனும் நண்பர்களுக்கு முன்னே மாத்திரை உண்ண நாணுகிறான். நமது சமூகத்துக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வருகிற நமக்கு, தாய் வழியிலும் தந்தை வழியிலும் இந்நோய் உள்ள குடும்பங்கள் பல. பெற்றோர் இருவர்க்கும் நீரிழிவு இருந்தால் மக்களுக்கு அது வரும் வாய்ப்பு ஏறுகிறது. இதனைச் சொல்வது விவாகத்தைத் தடுப்பதற்கன்று. இத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள் இருபது வயது முதலே இடுப்பையும் இரத்தத்தையும் அளந்து வந்தால், நோய் வருமுன் காத்துக் கொள்ளலாம் என்பதற்காகவே சொல்லுகிறோம். மறைக்கும் வழக்கம் இருக்கும்வரை அப்பிள்ளைகளுக்குத் தங்கள் அபாயம் தெரியப் போவதில்லை.

நம்பிக்கைக்கு இடமுண்டு

இத்தனையும் கேட்டு நீங்கள் மனம் தளரலாகாது. நம் சென்னை மாநகரிலேயே வைத்தியர் ராமச்சந்திரன் முதலியோர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்குத் தைரியமூட்டுவது. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பொதுவான புத்திமதி மாத்திரம் பெற்றோரில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களிலோ 39 பேரே நோயாளிகளாயினர். அவர்கள் உண்டது நம் உணவே. நடந்தது நம் வெயிலிலேயே.

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்க்கும் வழியுண்டு. இங்கிலாந்தில் பல்லாண்டு நடந்து 1998-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், நீரிழிவோடு இரத்த அழுத்தமும் உள்ளவர்களில், அழுத்தத்தை நன்கு அடக்கியவர்க்குப் பக்கவாதம் நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது. டென்மார்க் தேசத்தில் ஸ்டெனோ என்னும் நீரிழிவு நிலையத்தில், சிறுநீரகத்தில் பழுது தொடங்கிய 160 நோயாளிகளை இரு சம பாகமாகப் பிரித்தனர். ஒரு பாகத்தார்க்கு வழக்கமான வைத்தியம். மற்றப் பாகத்தார்க்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் ஒருங்கே கண்டிப்பான சிகிச்சை; அத்துடன் உணவு, நடை, புகை விடுதல் பற்றிய போதனை. எட்டாண்டு அளவில் நடந்த இச்சிகிச்சையின் முடிவில் இருதய நோயும் பக்கவாதமும் ஏறக்குறையப் பாதியாயின. தொடக்கத்திலிருந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேற் சென்று கணக்கெடுத்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்ற 80 பேரில் 40 பேர் இறந்திருந்தனர். ஒருங்கே சிகிச்சை பெற்ற 80 பேரில் இறந்தோர் 24 பேர். எண்பது வீடுகளில் பதினாறு வீடுகளுக்குத் தகப்பனாரோ தாயாரோ மிஞ்சினர் என்று இதனைப் படிக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

உணவில், தட்டின் பாதியைக் காய்கறி கீரைகளுக்கும், காற்பங்கைப் பருப்பு, பயறு, மீன் முதலியவற்றுக்கும், மீதிக் காற்பங்கைச் சோற்றுக்கும் ஒதுக்குக. சிறுநீரகக் கோளாறுள்ளவர் வைத்தியரைக் கேட்டே புரத அளவை நிர்ணயிக்க வேண்டும். உப்பு நாளொன்றுக்கு ஒரு சிறு தேக்கரண்டிக்கு மேற்படலாகாது. அதாவது ஐந்து கிராமுக்கு உட்பட வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றின் உப்பும் இக்கணக்கிற் சேர்ந்ததே.

நடை வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம். பேச முடியும், பாட முடியாது என்னும் அளவு வேகம் போதும். மாலையில் வண்டிகளுக்கு அடைக்கப்படும் கடற்கரைச் சாலை இருக்க, நடக்க இடமில்லை என்று புதுவையில் யாரும் சொல்வதற்கில்லை. அவ்வளவு தூரம் செல்ல இயலாதார், உண்டபின் தம் தெருவிலேயே பத்து நிமிஷம் உலாவினாலும் சர்க்கரை இறங்கும். தசையே சர்க்கரையைச் செலவிடும் பெரிய களமாதலால், வாரம் இருமுறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒன்று வற்புறுத்துகிறோம். அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் தரும் மாத்திரைகளை, "சர்க்கரைதான் குறைந்துவிட்டதே" என்று பலர் தாமே நிறுத்தி விடுகின்றனர். வைத்தியரைக் கேளாமல் ஒன்றையும் நிறுத்தலாகாது. "ஒரே மண்டலத்தில் நீரிழிவை வேரறுப்போம்" என்னும் விளம்பரங்களை நம்பி இன்சுலினை விட்டு உயிரைப் பணயம் வைக்க வேண்டா. சஷ்டி முதலிய விரதம் இருப்போர், மருந்தின் அளவை முன்னரே வைத்தியரோடு கலந்து திருத்திக்கொள்க. இலங்கையிலுள்ள முருகன் திருத்தலத்தின் பெயரையே தாங்கிய இவ்வூரில் பக்தியைக் குறைக்குமாறு நாம் சொல்லவில்லை. பக்தன் மயங்கி விழுவதை முருகனும் விரும்பான்.

பரிசோதனைக்கு நாம் தூரதேசம் போகவேண்டுவதில்லை. 1823-ல் பிரெஞ்சு அரசாங்கத்தார் வைத்தியக் கல்விச்சாலை கண்ட ஊர் நமது புதுவை. அதன் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. 2010-ல் தொடங்கிய இந்திராகாந்தி மருத்துவக் கல்லூரியோ நம் கதிர்காமத்திலேயே, வழுதாவூர்ச் சாலையிலேயே இருக்கிறது. விளக்கின் கீழே இருள் என்னும் பழமொழிக்கு நாம் உதாரணமாகலாமா?

சங்கத்துக்கு விண்ணப்பம்

முடிவாக, நமது சங்கத்தாரின் ஆலோசனைக்கு ஐந்து விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கிறோம்.

ஒன்று, சங்கக் கட்டிடத்தில் ஓர் அளவு நாடாவும், ஓர் இரத்த அழுத்தக் கருவியும் வைத்து, மாதாந்தரக் கூட்டத்துக்கு முன் அரைமணி நேரம் வருவோரை அளந்து அவரவர் கையிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். நாடா பிடிக்கும் முறை எளிது: நிமிர்ந்து நின்று, இயல்பாக மூச்சு விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, வேஷ்டி சேலையின் மேலன்றி உடம்பின்மேல் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக் கொள்வதால் நாடா ஏமாறலாம். இரத்தக் குழாய் ஏமாறாது. பெண்மக்களைப் பெண்மக்களே அளக்கட்டும்.

இரண்டு, ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் வயது வந்தோர் அனைவருடைய ஐந்து அளவுகளையும் ஆண்டுதோறும் எழுதி வைக்க வேண்டும். நீரிழிவுள்ளோர் கண், பாதம், சிறுநீரகம் ஆகியவற்றின் வருஷாந்தரப் பரிசோதனையையும் அதிற் சேர்க்க வேண்டும். ஜாதகம் எழுதி வைக்கும் நமக்கு இது பெரிய காரியமன்று.

மூன்று, நம்மவர் விசேஷங்களில் இனிப்பு ஒன்றே என்றும், சுண்டல், காய்கறி, மோர் ஆகியவை தாராளமென்றும், வேண்டாமென்று கைகாட்டியவரை வற்புறுத்துவதில்லை என்றும் ஒரு பொது வழக்கம் ஏற்படுத்த வேண்டும். வசதியுள்ள பெரிய குடும்பங்களே இதனைத் தொடங்க வேண்டும். ஏழைக் குடும்பம் தொடங்கினால் கஞ்சத்தனம் என்பார்கள். செல்வர் தொடங்கினால் நாகரிகம் என்பார்கள். அதனால் கடன்பட்டு விருந்திடும் ஏழைகளுக்கும் பாரம் குறையும்.

நான்கு, விசேஷப் பந்திகளிலும் வீடுகளிலும் பெண்மக்கள் வேளை தவறாமல் ஆண்மக்களோடு உண்ணும் வழக்கத்தை ஆதரிக்க வேண்டும்.

ஐந்து, வரன் விஷயமாகப் பேசும் பெரியோர்கள், நோயைச் சொன்னவரை இகழாமலும் நோயைக் காரணங்காட்டிப் பேரம் பேசாமலும் இருப்பதாகத் தமக்குள் உறுதி செய்துகொள்ள வேண்டும். உண்மை சொன்னவனுக்குத் தண்டனை கிடைக்குமானால் ஒருவனும் உண்மை சொல்ல மாட்டான்.

இவற்றுக்கு ஆகும் பொருட்செலவு நமது ஆண்டு விழாப் பந்தலின் செலவிற் சிறு பங்கும் ஆகாது. வேண்டுவது மனவுறுதியே. நமது சங்கம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறது, பரிசளிக்கிறது. அப்பிள்ளைகள் படித்துத் தேறி வரும் நாளில் அவர்களை வாழ்த்தத் தகப்பனாரும் தாயாரும் திடகாத்திரத்துடன் இருக்க வேண்டுமல்லவா? அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் இடுப்பளவையும், தம் வீட்டுப் பெண்மக்களின் அளவையும் தெரிந்துகொண்டு வரவேண்டுமென்று பிரார்த்திக்கிறோம்.